நுழைந்தால் போதுமா?

கைல்போது திருநாளில் குடகில் துப்பாக்கிகள் பூசை பெறுகின்றன. தேங்காய் சுடும் போட்டியும் நடைபெறுகிறது. கொடவருக்கு 2029 வரை நீட்டிக்கப்பட்ட உரிம விலக்கைப் பற்றி வாதங்கள் பெருகுகின்றன. பாட்டனார் காலத்து இரட்டைக்குழலில் எந்தத் தோட்டாவை இடலாம் என்ற வினாவோ அரிதாகவே எழுகிறது. ‘12 துளைக்கு 12 தோட்டா, நுழைந்தால் போதும்’ என்பது பிழையன்று, ஆபத்து. தோட்டாவின் குறிப்பு நீளம் சுட்டபின் வாய் விரிந்த நீளமே. ஆதலின் 70 மி.மீ. தோட்டா 65 மி.மீ. அறைக்குள் தடையின்றி நுழைந்துவிடும். சுடுகையில் மடிப்பு விரிய இடமின்றி அழுத்தம் ஏறும். ரவையின் எடையைக் குறைத்தால் தீரும் என்பாரும் உளர். மருந்து எரியும் வேகத்தை அவர்கள் கணக்கில் கொள்வதில்லை. கருமருந்துக்கு மட்டும் சோதிக்கப்பட்ட டமாஸ்கஸ் குழலில் புகையில்லா மருந்தை இடுவதற்கு எந்த நியாயமும் இல்லை. ஈயத்தின் நச்சுக்கு மாற்றாக வந்த எஃகு ரவையும் பழங்குழலுக்கு ஆகாது. இறுகிய வாய்ப்பகுதியை அது சிதைக்கும். ‘தாத்தா சுட்டார், ஒன்றும் ஆகவில்லை’ என்பது ஆய்வாளர் வாயில் வரத்தக்க சான்றா? துருவும் மெருகேற்றமும் அரித்த உட்சுவரைக் கண் அளக்காது. அளவுகருவி அளக்கும். பர்மிங்காம், லண்டன் சோதனைச் சாலைகளின் முத்திரைகளோ குழலைக் கழற்றினால் அடிப்புறத்திலேயே தெரியும்.