செவியின் கடைமடை

முதியவர் ஒருவர்க்குக் காது மந்தமாயின், அது மூப்பின் இயல்பு என்று சொல்லி அமைவது நம்மவர் வழக்கம். இருதய நலம் பேசுங்கால் காதினை நினைப்பாரும் அரியர். இவ்விரண்டும் தொடர்பற்றன என்னும் எண்ணம் கைவிடற்பாலது என்பதே எம் கருத்து.

பூதலூர்ப் பக்கத்தார்க்கு இதனை விளக்குதல் எளிது. கல்லணைக்கு அணித்தாகிய இவ்வூரை நீர் முன்னதாக எய்தும். கல்லணைக் கால்வாயின் கடைமடையாகிய பேராவூரணி வயல்களோ, மேலே நீர் தளரின் முதற்கண் வாடும். நம் உடம்பின் கடைமடை உட்செவியே. நத்தையோடு போற் சுருண்ட அவ்வுறுப்பிற்குக் குருதி கொணர்வது மெல்லியதொரு தமனி. அஃது அடைபடின், ஈடு செய்யத்தக்க வேறு வாய்க்கால் அங்கில்லை. உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, புகைப்பழக்கம் ஆகியன நுண்குழாய்களைக் கெடுக்குங்கால், ஒலியை உணரும் மயிரணுக்கள் ஊட்டமின்றி நலிகின்றன. மாந்தரிடத்து அவை ஒருமுறை மடியின் மீண்டும் முளைப்பதில்லை.

நியூயார்க் மருத்துவர் சாமுவேல் ரோசன் குழுவினர் சூடான் நாட்டு மபான் மக்களை ஆராய்ந்து 1962-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். அம்மக்களுள் முதியோர்க்கும் கேள்விப்புலன் கூர்மையாயிருந்தது. இரத்த அழுத்தமும் குறைவாயிருந்தது. ஆரவாரமற்ற வாழ்வும் அதற்கு ஒரு காரணமாகலாம் என்பதை மறுக்கிலேம். செவிட்டுத்தன்மை யாவும் குருதிக்குறையால் விளைவதன்று. இரைச்சலும் நோயும் முதுமையும் காரணங்களே. ஆயினும், தடுக்கத்தக்க காரணத்தைத் தடாதிருத்தல் அறிவுடைமையாகாது.

2021 ஆகஸ்ட் 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டச் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கப்பெற்றது. அதன்வழி இரத்த அழுத்தத்திற்கும் நீரிழிவுக்கும் உரிய மருந்து வீடுதேடிச் சென்றது. அழுத்தம் அளக்கும் அக்கையே, ‘பேச்சு தெளிவாகக் கேட்கின்றதா?’ என்று ஒரு வினாவையும் உடன் கொண்டு செல்லுதல் வேண்டும். கேளாதவரைச் செவிச் சோதனைக்கு அனுப்புதலும், செவி மந்தித்தவர்க்கு இரத்த அழுத்தம் பார்த்தலும் முறையாதல் வேண்டும். திடீரெனக் காது அடைபட்டார் ஒரு நாளும் தாழ்த்தாது மருத்துவரை நாடுதல் வேண்டும்.

வள்ளுவர் கேள்விக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். ஏடறியாத நம் முதியோர்க்குக் கேள்வியே கல்வி. திண்ணைப் பேச்சே உறவு. செவி மூடின் அவ்விரண்டும் ஒருங்கே மூடும். அவர்கள் வீட்டினுள்ளேயே தனியராவர். மடையில் நீர் நின்றபின் வரப்பில் நின்று வருந்துதல் பயனின்று. தலைமதகைக் காத்தலே உழவர் அறிவு. அவ்வறிவினை நம் உடம்பிற்கும் கொள்வோமாக.