டம்மி போட்ட பிரேக்கும் கிராமத்து மூளையும்

போன மாசம் என் தங்கச்சி மகன் சென்னையிலிருந்து வந்திருந்தான். டிராக்டர் வேலையா பட்டறைக்குப் போனப்ப கூடவே வந்தான். அங்க ஒரு பழைய பிக்கப் நின்னுது. பின் சக்கரத்தில் பிரேக் ஆயில் ஒழுகி டயரே நனைஞ்சிருந்தது. மெக்கானிக் அந்தச் சக்கரத்துக்குப் போற பைப்பைக் கழட்டி, எண்ணெய் வர்ற வாயில் ஒரு டம்மியை முறுக்கி அடைச்சார். பத்து நிமிஷத்தில் வண்டி கிளம்பிடுச்சு. நம்ம பையன் செல்போனில் படம் புடிச்சுட்டு, "இதுதான் மாமா கிராமத்து மூளை. சிட்டியில இதுக்கு ரெண்டு நாளு வண்டியை வாங்கி வச்சுக்குவான்" அப்படீன்னான்.

எனக்குச் சிரிப்பு வரலீங்க. வயித்தைக் கலக்குச்சு. ஏன்னா அதே டம்மி என் வண்டியிலும் நாலு மாசம் இருந்தது.

எங்க ஊரு தாளவாடிப் பக்கம். கோஸ் வெட்டினா சத்தியமங்கலம் கொண்டு போகணும். ஆசனூர் தாண்டி திம்பம் மலையில் 27 கொண்டை ஊசி வளைவு இறங்கணும். மூணு வருசம் முன்ன, கோஸ் வெட்டி மூட்டை புடிச்ச அன்னிக்குத்தான் இடது பின் சக்கரத்தில் ஒழுகல். சிலிண்டர் ஈரோட்டிலிருந்து வரணும், ரெண்டு நாளாகும்னாங்க. கோஸ் காத்திருக்குமா? "இப்போதைக்கு டம்மி போட்டு விடுங்க"ன்னு சொன்னது நான்தான். மெக்கானிக் மேல பழி போட மாட்டேன். அந்த "இப்போதைக்கு" நாலு மாசம் ஆச்சு. வண்டிதான் ஓடுதேன்னு விட்டுட்டேன்.

ஒரு நாள் காலையில தூறல். வளைவில் லாரி ஒண்ணு நின்னுடுச்சு. பிரேக்கை அமுத்தினேன். வண்டி நேரா நிக்கலீங்க, வலது பக்கம் இழுத்துட்டுப் போச்சு. எதிர்ல மேலேறி வந்தது ஒரு மோட்டார் பைக். புருசன், பொண்டாட்டி, முன்னால டேங்க் மேல ஒரு குழந்தை. ஒரு முழம் இடைவெளியில் நின்னேன். பக்கத்து சீட்டில் இருந்த என் வீட்டுக்காரி அன்னிக்கு முழுக்க என்கூடப் பேசலை. கையில இருந்த நடுக்கம் சத்தி போய்ச் சேர்ற வரைக்கும் நிக்கல.

இது ஏன் நடந்துதுன்னு பின்னாடிதான் உக்காந்து தெரிஞ்சுக்கிட்டேன். டிரம்முக்குள்ள வீல் சிலிண்டர்னு விரல் கட்டை அளவு ஒரு உருப்படி இருக்கு. உள்ளே ரெண்டு பிஸ்டன், ரெண்டு ரப்பர் கப், நடுவில் ஒரு ஸ்பிரிங். மிதிச்சா ஆயில் வந்து பிஸ்டனை ரெண்டு பக்கமும் தள்ளும். அது ஷூவை டிரம்மில் அமுத்தும். ரப்பர் தேஞ்சாலோ உள்சுவரில் துரு புடிச்சாலோ ஆயில் வெளியே வரும். பைப்பை அடைச்சா ஒழுகல் நிக்கும், வாஸ்தவம்தான். ஆனா அந்தச் சக்கரத்துக்குப் பிரேக்கே இல்லைன்னு ஆயிடும். மறுபக்கச் சக்கரம் மட்டும் புடிக்கும்போது வண்டி அந்தப் பக்கம் இழுக்காம என்ன செய்யும்? ஈர ரோட்டில் கேட்கவே வேண்டாம்.

"முன்னால பிரேக் இருக்குல்ல"ம்பாங்க. லோடு வண்டியில் பாரம் பின்னாலதானுங்க இருக்கு. பாரம் ஏற ஏறப் பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டி விடறதுக்குன்னே பல பிக்கப்பில் ஒரு வால்வு வச்சிருக்காங்க. பின்னால புடிப்பு வேண்டாம்னா அதை எதுக்கு வைக்கணும்? பின்னால பாதி போச்சுன்னா முன் பிரேக் கூடுதலா சூடாகும். பிரேக் ஆயில் காத்திலிருக்கிற ஈரத்தை இழுத்துக்கிற சாமான். டாட் 3 புது ஆயில் குறைஞ்சது 205 டிகிரி வரைக்கும் கொதிக்காம இருக்கணும். ஈரம் ஏறிப் போனா அந்த அளவு 140 தான். மலை இறக்கத்தில் அது கொதிச்சு ஆவியானா, மிதி சும்மா பலகை வரைக்கும் போகும்.

"செலவு"ம்பாங்க. எனக்கு ரெண்டு பக்கச் சிலிண்டரும், ஷூவும், ஆயிலும், கூலியும் சேர்த்து அன்னிக்குக் கோஸ் ஏத்தின ஒரு லோடு வாடகைக்குள்ளதான் முடிஞ்சுது. ஒரு பக்கம் ஒழுகினா மறுபக்கமும் அதே வயசுதான், அதனால ரெண்டையும் மாத்தணும். ஆயில் குடிச்ச ஷூவை எமரி பேப்பர் போட்டுத் தேய்ச்சுத் திரும்ப மாட்டறதும் ஒரு டம்மிதான். ரப்பரை டீசலில் கழுவறது இன்னொரு டம்மி; டீசல் பட்டா பிரேக் ரப்பர் ஊதிப் போகும். டிரம்மைக் கழட்டினதும் தூசியைக் காத்தடிச்சு ஊதவும் கூடாது. பழைய லைனிங்கில் கல்நார் இருக்கலாம், அது நெஞ்சுக்குள்ள போகும். எல்லாம் மாட்டின பிறகு மாஸ்டர் சிலிண்டருக்கு ரொம்பத் தூரத்தில் இருக்கிற சக்கரத்திலிருந்து ஆரம்பிச்சு, ஒவ்வொண்ணா ஏர் எடுக்கணும். அரை நாள் வேலை. அவ்வளவுதானுங்க.

எட்டு வருசம் தாண்டின லோடு வண்டிக்கு வருசா வருசம் எஃப்.சி. பண்ணணும். அதுக்குப் போற வாரம் மட்டும் பிரேக் மேல அக்கறை வருது. மீதி ஐம்பத்தொரு வாரமும் அதே வண்டிதானே மலை இறங்குது?

பட்டணத்துல இருக்கிற உங்ககிட்ட ரெண்டு கோரிக்கை. ஒண்ணு, இந்த மாதிரி ஒட்டு வேலையைப் படம் புடிச்சு "நம்மாளு மூளை"ன்னு பரப்பாதீங்க. நீங்க கை தட்டத் தட்ட எங்க ஆளுகளுக்கும் அது பெருமையாத் தெரியுது. கிராமத்தான்னா பழசை வச்சே சமாளிப்பான்னு பேசறது கேக்க நல்லாத்தான் இருக்கு. சமாளிக்கிறது வேற, சாகத் துணியறது வேற. உடைஞ்ச மண்வெட்டிக் காம்புக்குக் கம்பி சுத்தறது மூளை. பிரேக்கை அடைக்கிறது மூளை இல்லீங்க.

ரெண்டு, "இந்தப் பழைய வண்டிகளை எல்லாம் ஒழிக்கணும்"னும் உடனே கிளம்பாதீங்க. என் வண்டி 2005 மாடல். சிலிண்டர் மாத்தின நாளிலிருந்து மிதிச்ச இடத்தில் நிக்குது. வயசு மேல தப்பில்லை, பராமரிக்காத எங்க மேலதான் தப்பு. அப்புறம், உங்க சின்னக் காரையும் ஒரு தடவை பாருங்க. நிறையக் காருக்குப் பின்னால இதே டிரம்தான். சக்கரத்துக்கு உள்பக்கம் ஈரம் தெரிஞ்சாலோ, ஆயில் டப்பாவில் மட்டம் இறங்கினாலோ, அன்னிக்கே காட்டுங்க.

அந்த டம்மியைக் கழட்டின அன்னிக்கு மெக்கானிக் தூக்கி வீசப் போனார். நான் வாங்கி வந்து வண்டிக்குள்ள சாமி படத்துக்குக் கீழே வச்சிருக்கேன். நம்ம மாப்பிள்ளையையும் உக்கார வச்சு அதைக் கையில கொடுத்து இவ்வளவும் சொன்னேன். அந்தப் படத்தை அழிச்சிட்டான்.