கலர் அடிச்சது போதும்

கொஞ்சம் நீளமான பதிவு. விசேட தேவையுடைய பிள்ளைகள் இருக்கிற வீடுகள் மட்டுமல்ல, கடை வைத்திருக்கிறவர்களும் பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருக்கிறவர்களும் கட்டாயம் வாசியுங்கள்.

எங்கள் பாடசாலையின் விசேட கல்விப் பிரிவில் எட்டு வருடம் என்னிடம் படித்த ஒரு மகன். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர். போன வருடம் 17 வயதில் விலகினார். அவருடைய ஃபைலைத் திறந்தால் பார்க்க ஆசையாக இருக்கும். கலர் அடித்த பழங்கள், புள்ளிக் கோட்டின் மேல் எழுதிய அ, ஆ, ஒட்டுச் சித்திரங்கள், விளையாட்டுப் போட்டிச் சான்றிதழ்கள்.

விலகி ஒரு மாதம் இருக்கும். அஸருக்குப் பிறகு அவரைக் கடையில் கண்டேன். உம்மா பாணும் பருப்பும் வாங்க அனுப்பியிருக்கிறார். ஆயிரம் ரூபாத் தாளை நீட்டினார், சாமானை எடுத்தார், திரும்பி நடந்தார். மிச்சக் காசு என்று ஒன்று கையில் வரவேண்டும் என்பதே தெரியாது. கடைக்காரர் நல்ல மனிதர், கூப்பிட்டுக் கொடுத்தார். என்னைக் கண்டதும் "சேர்!" என்று ஓடிவந்து கட்டிப்பிடித்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. எட்டு வருடம் நான் இவருக்கு என்ன படிப்பித்தேன்?

நூறு ரூபா செம்மஞ்சள், ஐந்நூறு ஊதா, ஆயிரம் பச்சை. கணக்குத் தெரியாத பிள்ளைக்கும் நிறத்தை வைத்துத் தாளைச் சொல்லிக்கொடுக்கலாம். அத்தனை வருடம் அவரைக் கலர் அடிக்க வைத்த எனக்கு அந்த யோசனை வரவில்லை.

வீட்டிலும் இதே கதைதான். "நான் மௌத்தானா இவன யாரு சேர் பாக்கிற?" என்று கேட்காத உம்மா இல்லை. அதே உம்மாதான் 17 வயது மகனுக்குச் சேட்டுப் பொத்தானும் போட்டுவிடுகிறார், மீனுக்கு முள்ளும் எடுத்துக் கொடுக்கிறார். குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பாசம்தான். ஆனால் அந்தக் கேள்விக்கான பதிலை அந்தப் பாசமே தள்ளிப்போடுகிறது. 12 வயதிலிருந்தே தொடங்கவேண்டிய வேலை இது. தானாகக் குளிப்பது, உடுப்புக் கழுவுவது, ரைஸ் குக்கரில் சோறு வைப்பது, வாப்பாவின் போன் நம்பரைப் பாடமாக்குவது, எந்த பஸ்ஸில் ஏறி எங்கே இறங்குவது. ஒரு வருடத்தில் இதில் இரண்டு விஷயம் பழகினாலும் எனக்குப் பெரிய வெற்றி.

பெண் பிள்ளைகளைப் பற்றிப் பேசவே நாம் கூச்சப்படுகிறோம். மாதவிடாய் நாட்களில் தன்னைச் சுத்தமாக வைத்துக்கொள்வது, யார் தொடலாம் யார் தொடக்கூடாது என்பது, "வேணாம்" என்று சத்தமாகச் சொல்வது. இவற்றை ஆசிரியைகளும் உம்மாமாரும் சேர்ந்து படிப்பிக்காவிட்டால், நாம் பயப்படுவது நடக்க நாமே வழி விட்டவர்கள் ஆவோம்.

அரசாங்கத்தில் ஒன்றும் இல்லை என்றும் சொல்லமுடியாது. வலது குறைந்தோர் உரிமைகளுக்கு 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அரச வேலைகளில் நூற்றுக்கு மூன்று ஒதுக்கச் சொல்லும் சுற்றறிக்கை 1988இலேயே வந்துவிட்டது. ஆனால் அது தேவையான தகைமை உள்ளவர்களுக்குத்தான். சாதாரண தரப் பரீட்சையே எழுதாத எங்கள் பிள்ளைகளுக்கு அதனால் என்ன? சமூக சேவைகள் திணைக்களத்தின் தொழிற்பயிற்சி நிலையங்கள் சீதுவ போன்ற இடங்களில் உண்டு. தூரம், பாஷை தெரியாது என்று நம்மவர்கள் அனுப்புவதில்லை. அந்தத் தயக்கம் எனக்கும் விளங்குகிறது. என்றாலும் பிரதேச செயலகத்துக்குப் போய் சமூக சேவை உத்தியோகத்தரிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். 15 வயதானதும் அடையாள அட்டை எடுத்துவிடுங்கள். "இவனுக்கு எதுக்கு ஐசி?" என்று ஒரு வாப்பா என்னிடமே கேட்டார். பயிற்சிக்கும் வேலைக்கும் அதைத்தானே முதலில் கேட்பார்கள்!

நிர்வாகிகளுக்கும் ஒரு வார்த்தை. றமழானில் ஸகாத் பட்டியலில் இந்த வீடுகளின் பெயரைப் போடுகிறீர்கள், அல்ஹம்துலில்லாஹ். அத்தோடு நின்றுவிடுகிறோம். கண் தெரியாத அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரழி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் அதான் சொல்லும் பொறுப்பைக் கொடுத்தார்கள். தாம் வெளியூர் போகும்போது மதீனாவையே அவர்களிடம் ஒப்படைத்தும் போயிருக்கிறார்கள். நம் பள்ளிவாசலில் பாய் விரிக்க, செருப்புத் தட்டை ஒழுங்குபடுத்தவாவது இப்படியான ஒரு பிள்ளைக்குப் பொறுப்புக் கொடுத்திருக்கிறோமா?

அந்த மகன் இப்போது சனி, ஞாயிறு காலையில் அதே கடையில் நிற்கிறார். பிஸ்கட் பெட்டி அடுக்குகிறார், பேக் போட்டுக் கொடுக்கிறார். முதல் கிழமை ஒரு தட்டு முட்டையைப் போட்டு உடைத்தார். கடைக்காரர் சிரித்துவிட்டு, அவரையே துடைக்க வைத்தார். அதுதான் சரி. காசுப் பெட்டிக்குப் பக்கத்தில் இன்னும் விடவில்லை, அதற்கு நாள் எடுக்கும்.

16 வயது தாண்டிய இன்னும் ஆறு பேர் என்னிடம் இருக்கிறார்கள். நான்கு ஆண், இரண்டு பெண். வாரத்தில் இரண்டு அரை நாள் கடையிலோ, தையல் இடத்திலோ, பேக்கரியிலோ இடம் தரக்கூடியவர்கள் இன்பொக்ஸில் எழுதுங்கள். முதல் மாதம் ஆண் பிள்ளைகளோடு நானும், பெண் பிள்ளைகளோடு எங்கள் ஆசிரியை ஒருவரும் வந்து நிற்போம்.