நெஞ்சு படபடங்குதா? கேஸை நீங்களே துப்பறியலாம்!

செமஸ்டர் ஹாலில் கொஸ்டின் பேப்பரைத் திருப்பும்போது நெஞ்சு படபடக்கிறதா? ஓகே. பஸ் ஸ்டாப்பில் 'அந்த' முகம் நம்ம பக்கம் திரும்பும்போது படபடக்கிறதா? டபுள் ஓகே! இதயம் ஒழுங்காக டியூட்டி பார்க்கிறது என்று அர்த்தம்.

ஆனால், ஒன்றுமே நடக்காதபோது?

ராத்திரி பதினொன்றரை மணி. பாயில் சாய்ந்து கண்ணை மூடினால், காதுக்குள் ஓவர்லாக் மெஷின் ஓடுவது மாதிரி 'தடதட'. நடுவில் ஒரு துடிப்பு நின்று, அடுத்தது 'தொம்'மென்று இடிக்கிறது. போனை எடுத்துத் தேடினால் பத்து வியாதி பெயர் வருகிறது. அதைப் படித்துப் பயந்து, அந்தப் பயத்தில் இன்னும் கொஞ்சம் படபடத்து... விடிகிற வரைக்கும் தூக்கம் அவுட்!

இந்த வாரம் நம்ம கேஸ் இதுதான். களம், திருப்பூர். ஏன் திருப்பூர் என்றால், படபடப்பைக் கிளப்பிவிடுகிற ஆசாமிகள் பாதிப் பேர் ஒரே நாளில், ஒரே ஆளிடம் வந்து சேருகிற ஊர் அது. பெருமாநல்லூரோ, பல்லடமோ, ஊத்துக்குளியோ... காலையில் காலேஜ், சாயங்காலம் பனியன் கம்பெனியில் செக்கிங், பேக்கிங் என்று பார்ட் டைம், சீசன் வந்தால் ஓ.டி. இப்படி ஓடுகிற ஃப்ரெண்ட்ஸ் உங்கள் கிளாஸிலேயே இருப்பார்கள். அது நீங்களாகவும் இருக்கலாம்.

முதலில் கொஞ்சம் பேஸிக்ஸ். சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிஷத்துக்கு 60 முதல் 100 துடிப்பு நார்மல். 'ஒரு துடிப்பு மிஸ் ஆன மாதிரி' தோன்றுவது பெரும்பாலும் நிஜத்தில் மிஸ் ஆவதில்லை. ஒரு துடிப்பு கொஞ்சம் முந்திக்கொண்டு வந்துவிடுகிறது. அதற்கப்புறம் சின்ன இடைவெளி. அந்த இடைவெளியில் இதயத்தில் ரத்தம் கூடுதலாக நிரம்புவதால் அடுத்த அடி பலமாக விழுகிறது. ஆரோக்கியமான ஆட்களுக்கும் இது வரும். படுத்த பிறகு ஏன் அதிகம் தெரிகிறது? பகலெல்லாம் மெஷின் சத்தம், பஸ் சத்தம், ஃப்ரெண்ட்ஸ் சத்தம். ராத்திரிதானே உங்களுக்கு உங்கள் நெஞ்சே கேட்கிறது!

சரி, சந்தேக வட்டத்துக்குள் யார் யார்?

ஆசாமி நம்பர் 1: டீ

கம்பெனிக்குள் கேன் வந்தால் ஒன்று, கிளாஸ் கட் அடித்தால் ஒன்று, ஓ.டி.யில் தூக்கம் சொக்கினால் 'ஸ்ட்ராங்கா ஒண்ணு'. கணக்குப் போடுவோமா? இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம் கஃபீன்தான் உச்சவரம்பு. 150 மி.லி. டீயில் 30 முதல் 65 மில்லிகிராம், இன்ஸ்டன்ட் காபியில் 50 முதல் 65, ஃபில்டர் காபியில் 80 முதல் 120. கடை கிளாஸ் சின்னதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால், எத்தனை கிளாஸ் என்று என்றைக்காவது எண்ணியிருக்கிறீர்களா?

இன்னொரு விஷயம். உள்ளே போன கஃபீன் பாதியாகக் குறையவே சராசரியாக 5 மணி நேரம் ஆகும். ஏழு மணிக்குக் குடித்த டீயில் பாதி, நடுராத்திரி வரைக்கும் உங்களோடு முழித்துக்கொண்டிருக்கிறது!

ஆசாமி நம்பர் 2: எனர்ஜி டிரிங்க்

பெட்டிக்கடை ஃபிரிட்ஜில் கலர் கலராக நிற்கிறாரே, அவர்தான். இந்த வகை பானத்தில் லிட்டருக்கு 145 முதல் 300 மில்லிகிராம் வரை கஃபீன் இருக்கலாம், ஒரு நாளைக்கு 500 மி.லி.க்கு மேல் குடிக்கக் கூடாது என்று லேபிளில் போட வேண்டும் என 2016-லேயே இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி போட்டது. 250 மி.லி. பாட்டிலில் அதிகபட்சம் 75 மில்லிகிராம். ஒன்று குடித்தால் பெரிய விஷயமில்லை. எக்ஸாம் நைட்டில் மூன்று பாட்டில், கூடவே நாலு டீ, தூக்கம் ஜீரோ என்றால் இதயம் என்னதான் செய்யும், பாவம்?

ஆசாமி நம்பர் 3: காலி வயிறும் ஃபுல் வயிறும்

"ஒரு வாய் தின்னுட்டுப் போ கண்ணு" என்று அம்மா பின்னாலேயே ஓடி வருவார். "பஸ் போயிரும்மா!" என்று நாம் ஓடுவோம். பட்டினி நீளும்போது ரத்தத்தில் சர்க்கரை இறங்கினால் உடம்பு அட்ரினலினை இறக்கிவிடுகிறது. கை நடுக்கம், வேர்வை, படபடப்பு. ராத்திரி ஒன்பது மணிக்கு மொத்தமாகச் சேர்த்து நாலு பரோட்டா, சால்னா. இப்போது ஜீரணத்துக்காக வயிற்றுப் பக்கம் ரத்தத்தைத் திருப்பிவிட இதயம் வேகமாக இறைக்கிறது. சாப்பிட்ட கையோடு படுத்தால் நெஞ்செரிச்சலும் சேர்ந்துகொண்டு, எது எதுவென்றே தெரியாமல் குழப்பும்.

'அஜினமோட்டோதான் காரணம்' என்று ஒரு பேச்சு உண்டு. முறையாக நடத்திய சோதனைகளில் அது உறுதியாகவில்லை. பாவம், அவரை விட்டுவிடலாம்.

ஆசாமி நம்பர் 4: தண்ணீர்ப் பஞ்சம்

ஏப்ரல் மாசம், ஷீட் கூரை, பக்கத்தில் அயர்னிங் டேபிளின் ஆவி. வேர்த்துக் கொட்டுகிறது. தண்ணீர் குடித்தால் பாத்ரூம் போக வேண்டும், அது சுத்தமாக இருக்காது, சூப்பர்வைசர் முறைப்பார். அதனால் தண்ணீரே குடிக்காத தோழிகள் நிறைய. உடம்பில் நீர் குறைந்தால் ரத்தத்தின் அளவும் குறையும். இருக்கிற கொஞ்சத்தை வைத்துச் சமாளிக்க இதயம் வேகம் எடுக்கும். உட்கார்ந்து எழுந்ததும் கண் இருட்டி, நெஞ்சு படபடத்தால் முதல் சந்தேகம் இவர் மேல்தான். உப்புப் போட்ட நீர்மோர் ஒரு பாட்டில் பையில் இருக்கட்டும்.

ஆசாமி நம்பர் 5: சனிக்கிழமை ராத்திரி

வாரக் கூலி கைக்கு வருகிற நாள். 'ஒரே ஒரு நாள்தானே மச்சி' என்று ஆரம்பிக்கும். 1978-ல் அமெரிக்காவில் பிலிப் எட்டிங்கர் என்ற டாக்டரும் அவர் குழுவினரும், லீவு நாட்களில் அளவுக்கு மீறிக் குடித்துவிட்டு இதயத் துடிப்பு தாறுமாறாகி வந்தவர்களைக் கவனித்து, அதற்கு ஒரு பெயரே வைத்தார்கள்: 'ஹாலிடே ஹார்ட்'. சிகரெட்டும் வாயில் அடக்குகிற புகையிலையும் இதே கோஷ்டிதான். நிகோடின் உள்ளே போன சில நிமிஷத்தில் துடிப்பு ஏறும்.

ஆசாமி நம்பர் 6: மெடிக்கல் ஷாப் மாத்திரை

'மூக்கடைப்புக்கு ஒண்ணு குடுங்கண்ணா' என்று வாங்குகிற மாத்திரையில் சூடோஎபிட்ரின் மாதிரி சரக்கு இருக்கலாம். வீசிங்குக்கு எடுக்கிற சால்புட்டமாலும் படபடப்பைத் தரும். அதற்காக இன்ஹேலரை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது ஆபத்து, டாக்டரிடம் சொல்லுங்கள். ஜிம்மில் எக்சர்சைஸுக்கு முன்னால் கலக்கிக் குடிக்கிற பவுடர்? டப்பாவைத் திருப்பி கஃபீன் அளவைப் படியுங்கள். அதிர்ச்சி நிச்சயம்!

இவர்களோடு தூக்கக் குறைவு, கவலை, பெண்களுக்குப் பீரியட்ஸுக்கு முந்தைய நாட்கள் என்று இன்னும் சிலரும் லைனில் நிற்கிறார்கள்.

இத்தனை பேரில் குற்றவாளி யார்?

இங்கேதான் ட்விஸ்ட். 'எனக்குத் தெரியும், டீதான்' என்று நாமே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ மருத்துவர்கள் 2021-ல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற தாறுமாறான துடிப்பு உள்ள 446 பேர் அதில் சேர்ந்தார்கள். ஒரு பிரிவினரிடம், தங்களுக்கு எது ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைக்கிறார்களோ அதையே சில நாள் எடுத்தும், சில நாள் விட்டும் பார்க்கச் சொன்னார்கள். அதிகம் பேர் கை காட்டியது காபி வகையறாவை. முடிவு? துடிப்புக் கோளாறோடு தெளிவாகச் சம்பந்தப்பட்டது மது மட்டும்தான்! காபி, தூக்கக் குறைவு, பெரிய சாப்பாடு எதுவும் அந்தச் சோதனையில் சிக்கவில்லை.

அப்போ டீ நிரபராதியா? அவசரப்படாதீர்கள். அது ஒரு குறிப்பிட்ட நோய் உள்ளவர்களிடம் நடந்த சோதனை. ஆரோக்கியமான 100 பேரிடம் நடத்தி 2023-ல் வெளியான இன்னொரு ஆய்வில், காபி குடித்த நாட்களில் தூக்கம் சராசரியாக 36 நிமிஷம் குறைந்தது; இதயத்தின் கீழறையிலிருந்து முந்திக்கொண்டு வருகிற துடிப்புகளும் கூடின. ஆக, ஆளுக்கு ஆள் வித்தியாசம். ஊருக்குப் பொதுவான லிஸ்ட்டை வைத்துத் தண்டனை கொடுக்காமல், உங்கள் உடம்பிடமே விசாரியுங்கள்.

விசாரிப்பது எப்படி?

ஒரு பத்து ரூபாய் நோட்டு போதும். படபடப்பு வரும்போதெல்லாம் எழுதுங்கள்: மணி என்ன? எவ்வளவு நேரம் இருந்தது? சட்டென்று ஆரம்பித்துச் சட்டென்று நின்றதா, மெல்ல ஏறி மெல்ல இறங்கியதா? முந்தின ஆறு மணி நேரத்தில் சாப்பிட்டது, குடித்தது என்ன? நேற்று எத்தனை மணி நேரத் தூக்கம்? கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து 30 விநாடி எண்ணி, இரண்டால் பெருக்குங்கள். சீராக இருக்கிறதா, தாறுமாறா என்பதையும் குறியுங்கள்.

இரண்டு வாரம் ஆனதும் நோட்டைப் புரட்டினால் யாரோ ஒருவர் அடிக்கடி தலைகாட்டுவார். அவரை மட்டும் ஒரு வாரம் நிறுத்துங்கள். அடங்கினால், டீ மாதிரி ஆசாமி என்றால் மறுபடி சேர்த்துப் பாருங்கள். திரும்ப வந்தால் ஆள் சிக்கிவிட்டார்! எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தினால் எது காரணம் என்றே தெரியாது. டீயை மட்டும் திடீரென்று வெட்டாமல் படிப்படியாகக் குறையுங்கள். இல்லாவிட்டால் தலைவலி வந்து வாட்டும்.

நோட்டுக்குள் சிக்காத ஆசாமி

இந்தக் கட்டுரையில் முக்கியமான இடம் இது. ஒரு பெண் என்று வைத்துக்கொள்ளுங்கள். செகண்ட் இயர். படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது. வீட்டில் 'டென்ஷன்' என்கிறார்கள். ஃப்ரெண்ட்ஸ் 'லவ்வா?' என்று ஓட்டுகிறார்கள். அவள் டீயை விட்டுப் பார்க்கிறாள், பரோட்டாவை விட்டுப் பார்க்கிறாள். மாறவில்லை. காரணம், அவள் உடம்பில் ரத்தமே குறைவு!

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. உங்கள் பெஞ்ச்சில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தால் அதில் ஒருவர்! ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்க ஆள் குறைந்தால், இருக்கிறவர்களை வைத்தே இதயம் டபுள் ட்ரிப் அடிக்கிறது. ஹீமோகுளோபின் டெஸ்ட் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே எடுக்கலாம். பெண்களுக்கு 12-க்குக் கீழே என்றால் ரத்தசோகை. இங்கே டீ மறுபடியும் மாட்டுகிறார்: சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்தால் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் தடுப்பார். அதனால் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் அவருக்கு நோ என்ட்ரி.

நன்றாகச் சாப்பிட்டும் எடை இறங்குகிறது, கை நடுங்குகிறது, சும்மாவே வேர்க்கிறது என்றால் தைராய்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.

துப்பறிதலை நிறுத்த வேண்டிய நேரம்

படபடப்போடு மயக்கம், நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் வந்தால் நோட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு 108-க்கு போன் செய்யுங்கள். ஓடும்போதோ விளையாடும்போதோ ஒருவர் மயங்கி விழுந்தால், 'வெயில்தான்' என்று சோடா தெளித்து எழுப்பி மறுபடி கிரவுண்டில் இறக்காதீர்கள். குடும்பத்தில் யாராவது சின்ன வயதில் திடீரென்று இறந்திருந்தாலும், சிறுவயதில் ரூமாட்டிக் காய்ச்சல் வந்திருந்தாலும் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

சுவிட்ச் போட்ட மாதிரி ஆரம்பித்து, 150-க்கு மேல் அடித்து, சுவிட்ச் அணைத்த மாதிரி நிற்கிறதா? அது இதயத்தின் மின்பாதையில் இருக்கிற கோளாறாக இருக்கலாம். சரி செய்யக்கூடியது. முடிந்தால் படபடப்பு இருக்கும்போதே பக்கத்து ஆஸ்பத்திரியில் ஒரு ஈ.சி.ஜி. எடுத்துவிடுங்கள். நின்ற பிறகு போனால் அது நல்ல பிள்ளையாக நேராக இருக்கும்! அதனால்தான் 24 மணி நேரமும் பதிவு செய்கிற 'ஹோல்ட்டர்' கருவி. இதைக் கண்டுபிடித்த நார்மன் ஹோல்ட்டரின் முதல் மாடல் சுமார் 38 கிலோ. முதுகில் மூட்டை மாதிரி சுமக்க வேண்டும். இன்று சட்டைக்குள் அடங்கிவிடுகிறது. திருப்பூர்க்காரர்களுக்கு 2022 ஜனவரியில் திறந்த அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கம்பெனியில் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால் அந்த டிஸ்பென்சரி உங்களுடையது. உங்கள் காசில்தான் ஓடுகிறது, தயங்காமல் போங்கள்.

கடைசியாக ஒன்று. ஒன்றரை ஷிப்ட் பார்த்துதான் ஃபீஸ் கட்ட வேண்டும் என்கிற ஃப்ரெண்டிடம் போய் 'எட்டு மணி நேரம் தூங்கு' என்று அட்வைஸ் பண்ணினால் சிரிப்பார். அதனால் முடிந்ததைச் செய்வோம். காலையில் அவருக்கும் சேர்த்து ரெண்டு இட்லி எக்ஸ்ட்ரா கட்டிக்கொண்டு போங்கள். ஆறாவது டீக்குக் கூப்பிட்டால், மோர் வாங்கிக் கொடுங்கள். 'நெஞ்சு என்னமோ பண்ணுதுடா' என்று அவர் சொன்னால், 'லவ்வா?' என்று கேட்பதற்கு முன்னால் மணிக்கட்டைப் பிடித்து ஒரு அரை நிமிஷம் எண்ணிப் பாருங்கள்.

சரி, இன்றைக்கு எத்தனாவது டீ பாஸ் இது?