காய்ச்சல் விட்ட கையோடு கொலஸ்ட்ரால் பார்க்காதீர்கள்



என் வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். "எழுது, நாலு பேருக்காவது உதவட்டும்" என்றார்.

ஐப்பசி மழையில் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு சளி, காய்ச்சல். இவருக்கும் ஐந்து நாள் 102 டிகிரி. கஞ்சியைத் தவிர எதுவும் இறங்கவில்லை. காய்ச்சல் விட்ட மூன்றாம் நாள், வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கும் ஒரு லேபிலிருந்து 'ஃபுல் பாடி செக்கப்' சலுகை என்று போன். சரியென்று எடுத்தோம். மொத்த கொலஸ்ட்ரால் 138. கெட்ட கொலஸ்ட்ரால் என்கிறோமே, அந்த எல்டிஎல் 61. ஆறு வருடமாக மாத்திரை போட்டும் 90க்குக் கீழே வராதது! மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்திவிட்டார். நானும் தடுக்கவில்லை. தை மாதம் டாக்டரிடம் போனபோது எல்டிஎல் 158.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். ஃப்ளூ, கொரோனா மாதிரி வைரஸ் தொற்று வந்தால் கல்லீரலின் வேலையே மாறிவிடுமாம். சிஆர்பி போன்ற புரதங்களைச் செய்வதில் இறங்கிவிடும். ரத்தத்தில் எல்டிஎல், நல்ல கொலஸ்ட்ராலான எச்டிஎல் இரண்டும் இறங்கும். ட்ரைகிளிசரைடு பெரும்பாலும் ஏறும். உடம்பு தேறியபின் பல வாரம் கழித்துத்தான் பழைய அளவுக்குத் திரும்பும். கொரோனா நோயாளிகளிடம் இதைப் பல நாட்டு மருத்துவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து பழைய ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். எச்டிஎல் 31, ட்ரைகிளிசரைடு 230. நிறைய லேப்களில் எல்டிஎல்லை நேராக அளப்பதில்லை. மொத்தத்திலிருந்து எச்டிஎல்லையும், ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழிப்பார்கள். 138இல் 31, 46 போனால் 61. ட்ரைகிளிசரைடு ரொம்ப ஏறினால் இந்தக் கணக்கு எல்டிஎல்லை உள்ளதைவிடக் குறைத்தே காட்டும். நாலாம் வகுப்புக் கழித்தல். முப்பது வருடம் சொல்லிக்கொடுத்தவள், அதைப் பார்க்காமல் விட்டேன்.

இன்னொன்றுதான் வயிற்றைக் கலக்கியது. கனடாவின் ஒன்டாரியோவில் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், ஃப்ளூ உறுதியான முதல் ஏழு நாளில் மாரடைப்பு வாய்ப்பு மற்ற நாட்களைப்போல் ஆறு மடங்கு. காகிதத்தில் எண் இறங்கும் நேரத்தில்தான் இதயத்துக்கு ஆபத்து ஏறுகிறது. இவர் மாத்திரையை நிறுத்தியது அந்த நேரம் பார்த்து!

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமில்லை. தமிழ்நாட்டையும் சேர்த்து ஐசிஎம்ஆர் நடத்தி 2014இல் வெளியான ஆய்வில், கிட்டத்தட்ட பத்தில் எட்டுப் பேருக்கு ஏதாவதொரு கொழுப்பு அளவு சரியில்லை. அவர்களில் செக்கப் சலுகைக்குப் போகிறவர்களும் இருப்பார்கள்தானே.

சளி, காய்ச்சல் வந்தவர்கள் வழக்கமான கொலஸ்ட்ரால் பரிசோதனையை ஆறு, எட்டு வாரம் தள்ளிப்போடுங்கள் என்கிறார் எங்கள் டாக்டர். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் என்றால் தள்ளிப்போடாதீர்கள், அது வேறு விஷயம். ரிப்போர்ட்டைப் பார்த்து நீங்களாக மாத்திரையை நிறுத்தவே நிறுத்தாதீர்கள்.

ரத்தம் எடுக்க வந்த பையன் "வெறும் வயிறா சார்?" என்று மட்டும்தான் கேட்டான். காய்ச்சல் வந்ததா என்று கேட்கவில்லை, படிவத்திலும் அந்தக் கேள்வி இல்லை. லேப் வைத்திருக்கும் என் மாணவர்கள் இதைப் படித்தால், உங்கள் படிவத்தில் அந்த ஒரு வரியைச் சேர்த்துவிட்டு எனக்கு ஒரு படம் எடுத்து அனுப்புங்கள் கண்ணுகளா.