சினிமா படிக்க எந்த பஸ் ஏறணும்?

பிளஸ் டூ ரிசல்ட் வரும் மே மாதத்தில் கள்ளக்குறிச்சி பக்கம் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுதான். நர்ஸிங்கா, பி.இ.யா, அக்ரியா? நடுவில் ஒரு பிள்ளை மெதுவாக, "நான் சினிமா படிக்கிறேம்மா" என்று சொல்லிவிட்டால் போச்சு. அப்பா டி.வி. சத்தத்தைக் கூட்டுவார். அம்மா மட்டும், "அதெல்லாம் படிக்கிற விஷயமாடா?" என்று கேட்பார்.

கோபத்தில் கேட்டாலும் அம்மா கேட்டது நல்ல கேள்வி. பதிலுக்கு ஒருவரின் மாணவப் பருவத்தைப் பார்க்கலாம்.

பாலு மகேந்திரா 1939-ல் இலங்கை மட்டக்களப்பு பக்கத்தில் அமிர்தகழியில் பிறந்தவர். பள்ளியில் படிக்கும்போது சுற்றுலா போன இடத்தில் ஒரு ஷூட்டிங். டேவிட் லீன், 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்' படத்தை எடுத்துக்கொண்டிருந்தார். டைரக்டர் குரல் கொடுத்ததும் மழை கொட்டியிருக்கிறது. பையன் அசந்துபோனான். நாமும் ஒருநாள் இப்படி மழையை வரவைக்கணும் என்ற ஆசை அங்கேதான் விழுந்தது என்று பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

இதுவரை எல்லோருக்கும் பிடித்த கதை. அப்புறம் நடந்ததுதான் மாணவர்களுக்கு முக்கியம். புனே திரைப்படக் கல்லூரியில் அவர் படித்தது ஒளிப்பதிவு. 1969-ல் தங்கப் பதக்கத்தோடு வெளியே வந்தார். அங்கே எடுத்த டிப்ளமோ படத்தைப் பார்த்துத்தான் 'செம்மீன்' இயக்குநர் ராமு காரியாட், 'நெல்லு' மலையாளப் படத்துக்கு அவரைக் கூப்பிட்டார். அது 1974-ல் வெளியானது. அவரே இயக்கிய முதல் படம், கன்னட 'கோகிலா', 1977-ல். தமிழில் 'அழியாத கோலங்கள்' 1979-ல். டேவிட் லீன் படம் வெளியானது 1957-ல். மழையைப் பார்த்த பையன் டைரக்டர் ஆக 20 வருஷம் ஆகியிருக்கிறது!

அந்த 20 வருஷத்தில் அப்படி என்ன கற்றுக்கொள்ள இருக்கிறது? முதலில் சிக்கனம். 35 எம்.எம். ஃபிலிமில் 400 அடி ரோல் ஒன்று சுமார் நாலரை நிமிடத்தில் ஓடித் தீர்ந்துவிடும். பட்டனை அழுத்தினால் காசு. அதனால் கேமராவை எங்கே வைப்பது, நடிகர் எந்தப் பக்கம் திரும்புவார், ஷாட் எதில் முடியும் என்று எல்லாவற்றையும் மனதில் ஓட்டிப் பார்த்த பிறகுதான் அழுத்துவார்கள். இன்றைக்கு நம் போனில் எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் எடுக்கலாம். வசதிதான். ஆனால், யோசிக்கும் அந்த நேரத்தை நாமேதான் ஒதுக்கிக்கொள்ள வேண்டும்.

அடுத்தது வெளிச்சம். இருக்கிற வெளிச்சத்தை வைத்தே படம் எடுப்பதில் பாலு மகேந்திரா பெயர் வாங்கியவர். இதைப் படிக்க கல்வராயன் மலையைவிட நல்ல வகுப்பறை கிடைக்காது. கச்சிராயப்பாளையம் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறும் சாலையில் ஒரே மரத்தைக் காலை ஆறரைக்கு, உச்சி வெயிலில், சாயங்காலம் ஐந்தரைக்கு என்று மூன்று முறை எடுத்துப் பாருங்கள். காலையில் பனி எல்லாவற்றையும் மென்மையாக்கிவிடும். மதியம் மரத்தடியில் ஆளை நிறுத்தினால் கண்ணுக்குக் கீழே கறுப்பாகக் குழி விழும். சாயங்காலம் அதே ஆள் வேறு ஆளாகத் தெரிவார். போன் தானாக வெளிச்சத்தை மாற்றிக்கொண்டே இருந்தால் ஷாட் கெட்டுப்போகும். பெரும்பாலான போன்களில் ஸ்கிரீனை விரலால் அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் வெளிச்சமும் லாக் ஆகிவிடும். மலைக்காற்று மைக்கில் இரைந்தால் வசனம் ஒன்றும் கேட்காது. ஆளுக்குப் பக்கத்தில் இன்னொரு போனை வைத்துக் குரலைத் தனியாகப் பதிவு செய்யுங்கள்.

மூன்றாவது, வாசிப்பு. சன் டி.வி.யில் வந்த பாலு மகேந்திராவின் 'கதை நேரம்' முழுக்கச் சிறுகதைகளிலிருந்து எடுத்தது. அவரிடம் உதவியாளராக இருந்த வெற்றிமாறனுக்குக் கதைகளைப் படித்துச் சுருக்கம் எழுதுவதும் ஒரு வேலை. பிறகு 'விசாரணை'க்கு மு.சந்திரகுமாரின் 'லாக்கப்', 'அசுரன்' படத்துக்குப் பூமணியின் 'வெக்கை', 'விடுதலை'க்கு ஜெயமோகனின் 'துணைவன்' என்று அவர் புத்தகத்திலிருந்து படத்துக்குப் போனதில் ஆச்சர்யம் இல்லை. நமக்குப் பக்கத்து விருத்தாசலம் பகுதியின் மனிதர்களை இமையம் எழுதிவைத்திருக்கிறார். அதைப் படிக்க ஒரு நூலக அட்டை போதும்.

இதெல்லாம் நம் ஊர்ப் பிள்ளைக்கு ஏன் முக்கியம்?

2019 நவம்பரில் பிறந்த மாவட்டம் நம்முடையது. நாடு முழுக்க அதன் பெயர் தெரிந்தது 2024 ஜூனில். கருணாபுரம் விஷச் சாராயத்தில் 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். எல்லாச் சேனல் கேமராக்களும் அழுகிற முகங்களுக்கு நேராக நின்றன. மலை என்றாலும் அதே கதைதான். ஊறலைக் கொட்டி அழிக்கும் போலீஸ் வீடியோ வரும். சாமை விதைக்கிற, கடுக்காய் பொறுக்குகிற, மரவள்ளி பிடுங்குகிற மலையாளிப் பழங்குடி மக்கள் பேசி எத்தனை வீடியோ பார்த்திருக்கிறோம்?

செய்தி டெஸ்க்கில் எங்களுக்கு 40 செகண்ட் கிளிப் போதும். அது செய்தியின் தேவை. கேமராக்கள் கிளம்பிய பிறகு அந்தத் தெருவில் ஒரு பெண் எப்படி ரேஷன் கடை வரிசையில் நிற்கிறார், அவர் பிள்ளை எப்படிப் பள்ளிக்குக் கிளம்புகிறது என்று காட்டுவது சினிமாவால் முடியும். அதற்கு அழுகிற முகத்துக்கு க்ளோஸ்-அப் வேண்டுமா, வாசலில் கிடக்கும் செருப்பு போதுமா என்று தீர்மானிக்கத் தெரிய வேண்டும். தொழில் கற்பது என்றால் இதுதான். பாலு மகேந்திராவின் 'வீடு' (1988) அப்படி வந்த படம். சின்ன வயதில் தன் அம்மா ஒரு வீடு கட்டப் பட்ட பாடுதான் அதற்கு வித்து. சண்டையில்லை, பாட்டில்லை. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும், அர்ச்சனாவுக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருதும் வந்தன.

சரி, அப்பாவிடம் என்ன சொல்வது? தரமணியில் எம்.ஜி.ஆர். அரசு திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. பிளஸ் டூ முடித்தவர்களுக்கு ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, படத்தொகுப்பு, இயக்கம், அனிமேஷன் என்று நான்கு வருடப் பட்டப்படிப்பு. அரசு நிறுவனம் என்பதால் தனியார் கல்லூரி அளவுக்குக் கட்டணம் இருக்காது. இடங்கள் குறைவு, அறிவிப்பைக் கவனித்து விண்ணப்பிக்க வேண்டும். பி.சி.ஸ்ரீராம் அங்கே படித்தவர். 1986-ல் தமிழ்நாட்டை மிரட்டிய 'ஊமை விழிகள்' திரைப்படக் கல்லூரி மாணவர்கள் சேர்ந்து எடுத்ததுதான். வெற்றிமாறனும் பின்தங்கிய குடும்பத்துப் பட்டதாரிகளுக்குக் கட்டணமில்லாப் பயிற்சி தர ஓர் அமைப்பைத் தொடங்கினார்.

பட்டம் வாங்கினால் மறுநாளே படம் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 'சான்ஸ் வாங்கித் தர்றேன், பணம் கட்டு' என்று சொல்பவர் இருக்கும் தெருவுக்கே போக வேண்டாம். ஆனால் சவுண்டும் எடிட்டிங்கும் தெரிந்தவருக்கு டி.வி., விளம்பரம், ஓ.டி.டி., கல்யாண வீடியோ என்று சோறு போட வேலை இருக்கிறது.

நம் ஊர் மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்தப் பட்டறையில் சேரும் பையன் கையில் முதல் நாளே சாமி முகத்தைச் செதுக்கக் கொடுக்க மாட்டார்கள். மரத்தின் ரேகை பழக வேண்டும், உளி பிடிக்க வேண்டும், நகாசு பார்க்க வருஷங்கள் ஆகும். அதைத் தொழில் என்று மதிக்கிற அப்பாவுக்கு இதையும் புரியவைக்கலாம்.

பஸ் ஏறுவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வீட்டில் அதிகம் பேசாத ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டியாக இருக்கலாம், அப்பாவாகவே இருக்கலாம். அவருடைய ஒருநாளை மூன்று நிமிடத்தில், வசனமே இல்லாமல், பத்தே ஷாட்டில் எடுங்கள். அவரிடம் அனுமதி கேட்டுவிட்டு எடுங்கள். எடுத்ததை முதலில் அவருக்கே போட்டுக் காட்டுங்கள்.