குதிரை வாங்கியாயிற்று, கட்டுவது எங்கே?

கொச்சியின் பள்ளுருத்தியில் வீடுகள் நெருக்கியடித்து நிற்கின்றன. புல்வெளி அரிது. குடிநீருக்கு லாரியை எதிர்பார்க்கும் தெருக்களும் மேற்குக் கொச்சியில் உண்டு. இங்கே குதிரை வளர்க்க ஆசைப்படுபவர் விலையை விசாரிக்கும் முன் லாயத்தை விசாரிப்பது நல்லது. 400 கிலோ குதிரைக்கு தினமும் சுமார் 8 கிலோ உலர்தீவனம், குறைந்தது 25 லிட்டர் தண்ணீர் வேண்டும். கடலோர ஈரக்காற்றில் வியர்வை உலராது. சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுவிடும். மழைக்காலத்தில் தரை காயாவிட்டால் குளம்பின் அடி அழுகும்.

இந்த அவஸ்தை புதிதல்ல. 13ம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டைப் பார்த்த மார்க்கோ போலோ, மன்னர் ஆண்டுதோறும் 2,000க்கு மேல் குதிரைகள் வாங்கியும் ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சவில்லை என்று எழுதினார். பராமரிக்கத் தெரியாது, லாடம் அடிக்க ஆளில்லை. தீனியோ சோறும் வேகவைத்த இறைச்சியும்! லாடக்காரர்கள் அங்கு போகாதபடி வியாபாரிகளே தடுத்தார்களாம். குதிரை செத்தால்தானே அடுத்த கப்பலுக்கு கிராக்கி.

முதல்முறை வாங்குபவருக்கு, எல்லாப் பொறுப்பையும் ஏற்கும் லாயமே மேல். இடத்துக்கு மட்டும் வாடகை வாங்கும் லாயம் மலிவுதான். ஆனால் தீனி வைப்பதும் சாணம் அள்ளுவதும் உரிமையாளர் தலையில் விழும், அதுவும் தினமும் இருவேளை. எங்கே விட்டாலும் 6 முதல் 8 வாரங்களுக்கு ஒருமுறை குளம்பு சீவியாக வேண்டும். முன்பணம் தருமுன், இரவில் லாயத்தில் யார் இருப்பார்கள் என்று கேட்கத் தவறக்கூடாது. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. நள்ளிரவில் வயிற்றுவலியில் புரளும் குதிரை விடியும்வரை தாங்காமல் போகலாம். அப்போது டாக்டரை யார் அழைப்பது, பணம் யார் கட்டுவது என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.